மினஸ்ட்ரோனி சூப்: செலரி, சுக்கினி இல்லாமல் நம் தோட்டத்துக் காயில் வைக்க முடியுமா?

பூதப்பாண்டி அக்கா
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அடுத்த வாரம் வருகிறாள். அங்கே ஏதோ கடையில் மினஸ்ட்ரோனி என்கிற இத்தாலியக் காய்கறி சூப் குடித்துப் பழகிவிட்டாளாம், "அம்மா, நம்ம தோட்டத்துக் காயை வைத்துச் செய்து தா" என்கிறாள். மழை விட்ட பிறகு தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் காய்த்துக் கிடக்கிறது: சுரை, புடலை, மஞ்சள் பூசணி, தக்காளி, வழுதலங்காய் (கத்தரிக்காய்), சீனி அவரை (கொத்தவரை), தண்டுக்கீரை, முருங்கை. பயத்தங்காய்க் கொடியில் பாதி முற்றியே போய்விட்டது. கேரட்டும் முட்டைக்கோஸும் வடசேரி சந்தையில் வாங்கிக்கொள்வேன். ஆனால் இணையத்தில் பார்த்த குறிப்பெல்லாம் செலரி, சுக்கினி, கானலினி என்கிற வெள்ளை பீன்ஸ், பார்மசான் சீஸ் என்றுதான் தொடங்குகிறது. இவை இல்லாமல் செய்தால் அது மினஸ்ட்ரோனி ஆகுமா? இன்னொன்று, என் மாமியார் சுத்த சைவம். அவர்களும் குடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

சுங்கான்கடை வாத்தியார்
புளியும் பொடியும் போடாத சாம்பாருக்கு இத்தாலிக்காரன் வைத்த பேர் அது. அத்தைக்கு ஒரு கரண்டி சாம்பார்ப் பொடி போட்டுக் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

குளச்சல் கப்பல்காரன்
வாத்தியார் சார் சும்மா கிளப்பி விடுகிறார், அக்கா கண்டுகொள்ள வேண்டாம்.

நான் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு ஆளாக இருந்தவன். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஜெனோவா பக்கத்துக்காரர். அவர் வைக்கிற மினஸ்ட்ரோனி ஒரு துறைமுகத்தில் இருந்த மாதிரி அடுத்த துறைமுகத்தில் இருக்காது. எந்த ஊரில் எந்தக் காய் ஏறியதோ அதுதான் அன்றைய சூப். மிலானில் பாஸ்தாவுக்குப் பதில் அரிசி போடுவார்கள். ஜெனோவாவில் கடைசியில் துளசி போன்ற ஓர் இலையை அரைத்துக் கலக்குவார்கள், பெஸ்டோ என்று பேர். வேறு ஊர்களில் பன்றிக் கொழுப்பில் தாளித்துத் தொடங்குவார்கள், அது இல்லாமலும் வைப்பார்கள். எனவே காய்ப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மாற்றக் கூடாதது அடிவதக்கல்தான். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பயறு அளவுக்குப் பொடியாக நறுக்கி, எண்ணெய் தாராளமாக விட்டு, தீயை நன்றாகக் குறைத்து, கால் மணி நேரமாவது வதக்க வேண்டும். சிவக்கக் கூடாது. நம் தாளிப்பு நேர் எதிர்: தீ பெரிது, நேரம் சில நொடி. அந்தப் பழக்கத்தில் இதைச் செய்தால் வெங்காயம் கருகி, வாத்தியார் சொல்கிற சாம்பார்தான் மிஞ்சும். இதில் மசாலா எதுவும் கிடையாது. சூப்பின் இனிப்பும் வாசமும் முழுக்க அந்தக் கால் மணி நேரத்தில்தான் வருகிறது.

பூதப்பாண்டி அக்கா
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. செலரிக்கு?

தக்கலை மாடித்தோட்டம்
அக்கா, செலரியை நம் பக்கம் வளர்க்க நினைக்க வேண்டாம். குளிர் வேண்டிய செடி. கீரிப்பாறை மலைப் பக்கமானால் ஒரு முயற்சி பண்ணலாம், பூதப்பாண்டி வெயிலில் தண்டு நாராகிக் கசந்துபோகும். கேரட்டும் அப்படித்தான், சந்தையில் வாங்குவதே லாபம்.

பதிலுக்குக் கொத்தமல்லித் தண்டு. இலையைத் துவையலுக்கு வைத்துக்கொண்டு, தண்டையும் கழுவிய வேரையும் பொடியாக நறுக்கி அடிவதக்கலில் சேர்க்கலாம். செலரி, கேரட், கொத்தமல்லி, ஓமம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், அதனால் வாசம் ஒத்துப்போகும். செலரியின் நறுக்கென்ற தன்மைக்குத் தண்டுக்கீரையின் இளந்தண்டு இரண்டு போடுங்கள். நார் உரித்துவிட்டுத்தான். ஓமவல்லி இலையைப் போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். ஓர் இலை விழுந்தாலும் சூப் இருமல் கஷாயம் ஆகிவிடும்.

மார்த்தாண்டம் மருமகள்
ஓமவல்லி போடச் சொல்லலாம் என்றுதான் வந்தேன் 😄

தக்கலை மாடித்தோட்டம்
சுக்கினி பற்றியும் சொல்லிவிடுகிறேன். விதை வாங்கிப் போட்டால் முளைக்கும், பூக்கும். ஆனால் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வராத மாடியில் நாமே காலையில் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். தப்பிப் பிழைத்தாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு மழை. அந்த ஈரத்தில் இலையில் சாம்பல் பூத்து, சாறுண்ணி வந்து, கொடியே படுத்துவிடும். இவ்வளவு பாடு எதற்கு? பிஞ்சுச் சுரைக்காய் இருக்கும்போது சுக்கினி தேவையே இல்லை. விரல் நகம் சுலபமாக இறங்குகிற பருவத்தில் பறித்தால் தோலோடு நறுக்கலாம்.

குளச்சல் கப்பல்காரன்
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுரைக்காய் பதிலிக் காய் என்று நினைக்க வேண்டாம். சிசிலித் தீவில் நம் நீளச் சுரைக்காயையே கோடை முழுக்கச் சமைக்கிறார்கள். அதன் கொடித் தளிரையும் இலையையும் தக்காளியோடு வேகவைத்து, பாஸ்தாவை உடைத்துப் போட்டுச் சூப் வைப்பார்கள். தெனெரூமி என்பார்கள். நம் வீட்டில் பூசணி இலையைத் துவரன் (பொரியல்) வைக்கிற மாதிரிதான். அக்கா தோட்டத்துச் சுரைத் தளிரைக் கிள்ளிக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால், மகள் பெங்களூர்க் கடையில் குடித்ததைவிட அது இத்தாலிக்குப் பக்கம்.

நைட் டூட்டி நர்ஸ்
சுரைக்காய் என்றதும் ஓர் எச்சரிக்கை. நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு இரத்தக் கசிவு வரைக்கும் போய்விடும். வெள்ளரி, புடலைக்கும் இதேதான். "கசப்பு உடம்புக்கு நல்லது" என்கிற பேச்சு பாகற்காயோடு நிற்கட்டும்.

அப்புறம், பீன்ஸ் இல்லை என்று ராஜ்மா வாங்கப் போகிறவர்களுக்கு: இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். குக்கரில் வைத்தால் கவலையில்லை. சூப்பை மெதுவாகத்தானே கொதிக்க விட வேண்டும் என்று ஊறிய ராஜ்மாவை நேரே சிறு தீயில் போடுவதுதான் ஆபத்து. அரைவேக்காட்டு ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட மோசம்.

சுங்கான்கடை வாத்தியார்
ராஜ்மா எதற்கு? பெரும்பயறு, அதாவது தட்டைப்பயறு, என்ன பாவம் செய்தது?

குளச்சல் கப்பல்காரன்
சார், இந்த முறை உங்கள் பக்கம்தான் நான். இத்தாலிக்காரர்கள் இன்று போடுகிற கானலினியும் போர்லோட்டியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டாக அவர்கள் தின்ற பீன்ஸ் நம் தட்டைப்பயறு வகைதான், கண் போலக் கறுப்புப் பொட்டு உள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து போனது. தக்காளியும் 16ஆம் நூற்றாண்டில்தான் இத்தாலிக்கு வந்தது. சமையலில் நன்றாக ஏறியது அதற்கும் பிறகு. ஆக, பெரும்பயறு போட்ட மினஸ்ட்ரோனி கானலினி போட்டதைவிடப் பழையது என்று வாதாடலாம்.

சுங்கான்கடை வாத்தியார்
அப்படியென்றால் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) பரப்பிய 1880களில், "இதென்ன காட்டுக் கிழங்கு" என்று முகம் சுளித்த கிழவிகள் நிச்சயம் இருந்திருப்பார்கள். இன்று மரச்சீனியும் மீனும் இல்லாமல் நம் மாவட்டம் உண்டா? சரி, உருளைக்கிழங்குக்குப் பதில் மரச்சீனி போடலாமா? கேள்வியாகவே கேட்கிறேன்.

நைட் டூட்டி நர்ஸ்
போடலாம், ஆனால் சூப்பிலேயே வேகவிடக் கூடாது சார். மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் நம் வீடுகளில் கொதிக்க வைத்துத் தண்ணீரை வடிக்கிறோம். தனியாக அவித்து, வடித்து, துண்டாக்கிக் கடைசியில் சேர்க்கலாம்.

குளச்சல் கப்பல்காரன்
போட்டாலும் உருளை செய்கிற வேலையை அது செய்யாது. உருளை கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும், மரச்சீனி அப்படியே கட்டியாக நிற்கும். கெட்டிக்குப் பூசணி போதும். வெந்ததும் பாதியை மசித்துவிடுங்கள். பெரும்பயற்றிலும் ஒரு கரண்டி மசித்துச் சேர்த்தால் கரண்டி நிற்கிற பதம் வரும்.

அக்கா, அந்த முற்றின பயத்தங்காயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தோல் மஞ்சளாகி, உள்ளே பயறு பருத்து, ஆனால் இன்னும் காயாமல் இருக்குமே, அந்தப் பருவத்தில் உரித்த பயறுதான் இந்தச் சூப்புக்கு முதல் தரம். ஊறவே வைக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் வெண்ணெய் போல வெந்துவிடும். இத்தாலியில் கோடைக்காலச் சந்தையில் பீன்ஸை இப்படித் தோலோடுதான் வாங்குவார்கள். முழுக்க உலர்ந்ததை இரவில் ஊறவையுங்கள், ஊறும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் மிருதுவாக வேகும்.

பூதப்பாண்டி அக்கா
பயறை நேரே சூப்பிலேயே போட்டு வேகவைக்கலாமா, இல்லை தனியாகவா?

குளச்சல் கப்பல்காரன்
தனியாக. காரணம் தக்காளி. புளிப்பு இருந்தால் பயறு வேகாமல் கல்லாகவே நிற்கும். பருப்பு வேகும் முன் புளி ஊற்றக் கூடாது என்று அம்மாக்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்றுத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் பயறு வேகவைக்கக் குடிநீர்தான் எடுப்போம். வெந்த பயற்றுத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சூப்புக்கு அதுதான் சாறு.

மார்த்தாண்டம் மருமகள்
என் பங்குக்கு பெஸ்டோ. அதற்கான பேசில் இலை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை வாங்கித் தொட்டியில் தூவுங்கள். பேசிலும் சப்ஜாவும் ஒரே இனம், திருநீற்றுப்பச்சிலை என்று நம் ஆச்சிமார் சொல்வது. இத்தாலி ரகத்தைவிட நம்மது இலை சிறிது, வாசம் கொஞ்சம் காட்டம். பூ வைக்கும் முன் பறித்தால் நன்றாக இருக்கும். கோயில் துளசி வேறு, அதைப் போட்டால் கிராம்பு வாசம் தூக்கும்.

பைன் கொட்டைக்குப் பதில் அண்டிப்பருப்பு. இதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, இத்தாலியிலேயே பாட்டில் பெஸ்டோவில் முந்திரிதான் அரைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) இல்லாத ஊர் எது? உடைந்த பருப்பு விலை குறைவு, அரைக்க அதுவே போதும். இரண்டு கைப்பிடி இலை, பத்துப் பன்னிரண்டு அண்டிப்பருப்பு, ஒரே ஒரு பல் பூண்டு, உப்பு, எண்ணெய். அம்மியில் வைத்தால் ருசி. மிக்சி என்றால் விட்டு விட்டு அடியுங்கள், சூடேறினால் இலை கறுத்துவிடும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் கலக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வாசம் முழுக்க ஆவியோடு போய்விடும்.

குளச்சல் கப்பல்காரன்
சபாஷ். எங்கள் தலைமைச் சமையல்காரர் இருந்தால் உங்களுக்கு வேலை கொடுத்திருப்பார்.

சீஸ் பற்றி அக்காவுக்கு: அசல் பார்மசானில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கிற ரென்னட் சேர்க்கிறார்கள், எனவே மாமியாருக்கு அது ஆகாது. இத்தாலிக்காரர்கள் அந்தச் சீஸின் காய்ந்த தோல் துண்டைச் சூப்போடு வேகவிட்டு எடுத்துவிடுவார்கள், உப்பும் கனமுமான ஒரு ருசி ஏறும். அது இல்லையென்றால் தக்காளியில் பாதியைத் தனியாக, தண்ணீர் வற்றிக் கருஞ்சிவப்பாகி எண்ணெய் பிரியும் வரை சுருட்டிச் சேருங்கள். கிட்டத்தட்ட அந்தக் கனம் வந்துவிடும். அசைவ வீட்டுக்காரர்களுக்கு ஒரு ரகசியம்: அடிவதக்கலில் இரண்டு நெத்திலிக் கருவாடு. இத்தாலிக்காரனும் உப்பு நெத்திலியை எண்ணெயில் கரைத்துத்தான் பல சமையலைத் தொடங்குகிறான்.

பூதப்பாண்டி அக்கா
ஐயோ அண்ணாச்சி, அத்தை இதைப் படித்தால் வீட்டிலேயே இருக்க மாட்டார்கள்.

சுங்கான்கடை வாத்தியார்
எண்ணெய் என்ன எண்ணெய்? ஆலிவ் எண்ணெய் லிட்டர் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. தேங்காய் எண்ணெய் போதாதா?

குளச்சல் கப்பல்காரன்
போதாது. தேங்காய் எண்ணெயில் வதக்கினால் அடுத்த நிமிடமே அது அவியல் வாசம். நல்ல அவியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவியல்.

மார்த்தாண்டம் மருமகள்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயில்தான் வைக்கிறேன். பூசணியும் பயறும் அதற்கு என்ன அழகாகப் பொருந்துகிறது தெரியுமா? ஊருக்கு ஊர் மாறும் என்று நீங்கள்தானே முதலில் சொன்னீர்கள்.

குளச்சல் கப்பல்காரன்
ஊருக்கு ஊர் மாறும். ஆனால் மகள் கேட்டது மினஸ்ட்ரோனி. விலை தடை என்றால் வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெயில் வதக்கி, பரிமாறும்போது கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் மேலே விடுங்கள். வதக்கவே விலை கூடிய எண்ணெயைச் செலவழிக்க வேண்டியதில்லை.

மார்த்தாண்டம் மருமகள்
அதற்கு அந்த ஒரு தேக்கரண்டியும் தேங்காய் எண்ணெயாகவே இருக்கலாம் என்பேன். சரி, விடுகிறேன்.

பூதப்பாண்டி அக்கா
நீங்கள் இருவரும் சண்டையை முடித்துவிட்டு எனக்கு வரிசையைச் சொல்லுங்கள். எது முதலில், எது கடைசியில்? ஆறு பேருக்கு எவ்வளவு?

குளச்சல் கப்பல்காரன்
ஆறு பேருக்கு உலர்ந்த பெரும்பயறு 200 கிராம். முற்றின பயத்தங்காயில் உரித்த காயாத பயறு என்றால் 400 கிராம் எடுக்கலாம். தனியாக வேகவைத்து, தண்ணீரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான பெரிய பாத்திரத்தில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தண்டு, தண்டுக்கீரைத் தண்டு. உப்பு ஒரு சிட்டிகை இப்போதே போட்டால் காய் தண்ணீர் விட்டுக் கருகாமல் வதங்கும். கடைசியில்தான் பூண்டு, முதலிலேயே போட்டால் கசக்கும். பிறகு தக்காளி நாலு, தோல் உரித்தது. அது சுருண்டதும் பூசணியும், உருளை இருந்தால் அதுவும், பயற்றுத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் சேர்த்து ஒன்றரை லிட்டர். தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழி வருகிற தீயில் இருபது நிமிடம். அப்புறம் முட்டைக்கோஸ், நறுக்கிய பிஞ்சுப் பயத்தங்காய். பத்து நிமிடம் கழித்துச் சுரைக்காய், புடலை, வெந்த பயறு. இன்னொரு பத்து நிமிடம். கடைசியாகத் தளிரும் கீரையும், நல்லமிளகுப் பொடியும். அணைத்து, மூடி, கால் மணி நேரம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற சூப் இல்லை இது. ஜெனோவாவில் வெயில் காலத்தில் ஆறவிட்டே சாப்பிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூன்று விசில் விடலாமா என்று யாராவது கேட்பீர்கள். பயற்றுக்கு மட்டும் குக்கர். மற்றதைப் போட்டால் சுரைக்காய் காணாமல் போகும்.

மார்த்தாண்டம் மருமகள்
பாஸ்தா?

குளச்சல் கப்பல்காரன்
சின்னக் குழல் பாஸ்தா ஏதாவது, ஆளுக்கு ஒரு சின்னக் கைப்பிடி. தனியாக வேகவைத்து, பரிமாறும் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றுங்கள். பானையிலேயே போட்டு மீதம் வைத்தால் மறுநாள் சூப் முழுவதையும் பாஸ்தா குடித்துவிட்டுக் களி மாதிரி நிற்கும். மாமியாருக்குப் பாஸ்தா பிடிக்காதென்றால் வடித்த சம்பா சோறு இரண்டு கரண்டி. மிலான்காரன் சாட்சி, அதுவும் மினஸ்ட்ரோனிதான்.

நைட் டூட்டி நர்ஸ்
சோறோ பாஸ்தாவோ கலந்த மீதியை அடுப்பிலேயே இரவு முழுக்க விட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சின்னப் பாத்திரங்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும்.

பூதப்பாண்டி அக்கா
நன்றாகப் புரிந்தது. ஆனால் என் பட்டியலில் மூன்றை யாரும் தொடவே இல்லையே: வழுதலங்காய், சீனி அவரை, முருங்கைக்காய்.

தக்கலை மாடித்தோட்டம்
சீனி அவரை வேண்டாம் அக்கா. அதன் லேசான கசப்பும் கொழகொழப்பும் மசாலா இல்லாத சூப்பில் தனியாகத் தெரியும். துவரனுக்கே வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காயை மென்று துப்புகிற சூப் எந்த நாட்டிலும் நன்றாக இல்லை. அதன் கீரை வேண்டுமானால் கொஞ்சமாக, சுரைத் தளிர் கிடைக்காத நாளில்.

குளச்சல் கப்பல்காரன்
வழுதலங்காய் போடலாம். ஆனால் நேரே போட்டால் சூப் கறுத்து, காய் கூழாகும். சதுரமாக நறுக்கி, உப்புப் பிசறி வைத்து, பிழிந்து, தனியாக எண்ணெயில் வறுத்துக் கடைசியில் சேருங்கள். இரண்டு காய் போதும்.

சுங்கான்கடை வாத்தியார்
எங்கள் வீட்டில் ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) ஒரு குலை கிடக்கிறது. அதையும் கேட்டு வைக்கிறேன்.

தக்கலை மாடித்தோட்டம்
சார், ஏத்தங்காயின் கறை சூப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும், துவர்ப்பும் இறங்கும். எரிசேரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மீதியை உப்பேரி வறுத்துவிடுங்கள். பூதப்பாண்டி அக்கா, சப்ஜா நாற்று என்னிடம் நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வடசேரிக்கு வருகிறேன், வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். பதிலுக்குச் சுரை விதை தந்தால் போதும். கசக்காத கொடியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.